தராசு மிண்டாது

நாலு மணி பஸ்ஸில் அருமனையில் இறங்கும்போதே மழை.
ரப்பர் சங்கத்தின் பின்னறையில்
கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாய்
ஒன்பது வருஷம் ஓடிய பெட்டி.
புதுச் செயலாளர் யேசுவடியானுக்கு அது பிடிக்கவில்லை.
"ஜன்னல் ஜன்னலாத் தொறக்கணும்,
பின்னால ஒரு கடல் படம்.
அவ்வளவுதானே பிள்ளே?"

அவ்வளவுதான்.
ஒரே ஒரு பெயரைத் தட்டினேன்.
அது தனியாக வருகிற ஆள் இல்லை.
ஒருத்தரைக் கூப்பிட்டால்
வேன் பிடித்து வந்திறங்கும் வீடு.
பலகைக்குச் சின்னங்கள் வேண்டும்,
சின்னங்களுக்கு வரைபவன் வேண்டும்,
வரைபவனுக்கு எழுத்துருக்கள்,
எழுத்துருக்களுக்கு
என்னவென்றே எனக்குத் தெரியாத மூன்று பேர்.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள்.
என் போனில் இரண்டு கட்டை சிக்னல்,
அதுவும் ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்தால்.

இந்த அறையில் எதற்கு ப்ளூடூத்?
எதற்குச் சீட்டு விளையாட்டு?
"அது கிடக்கட்டு" என்றாள் சுவர்ணபாய்
பால் கொண்டுவந்தவரின் பில்லிலிருந்து
தலை தூக்காமல்.

பிறகு நின்றது.
குற்றம் சாட்டுகிற இங்கிலீஷில் எழுதிக் காட்டியது:
உடைந்த பொதிகளை நீ பிடித்து வைத்திருக்கிறாய்.

நானா?
என் கையில் இருப்பது ஒரு கட்டன் சாயா.
மடியில் நனைந்த குடை.

யார் யாரைக் கேட்டார்கள் என்று
பின்னோக்கி நடந்தேன்.
பெரிய பெயர் பேட்டரிக் காவலனைக் கேட்டிருக்கிறது.
(பேட்டரியே இல்லாத பெட்டி.)
காவலனுக்கு ஒரு நூலகத்தின் மூன்றாம் பதிப்பு.
இங்கே கிடப்பதோ இரண்டு.
இரண்டை அசைய விடாமல்
யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள்.
ஆணியைப் பிடுங்க ஒரு வரி போதும்.
விரல் பாதி வழி போயிற்று.
நீக்கப்படுபவை: ஒன்று, என்றது.
ஒன்றுதானே.

எதற்கும் கோப்பைத் திறந்து பார்த்தேன்.
மேலே கணக்கில் சேராத ஒரு வரி,
இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போகிற வரி:
தொடாத மக்கா. தராசு மிண்டாது. பெல்ஜின்.

"பெல்ஜினா? அவன் குவைத்துக்குப் போயி ஆறு வருஷமாச்சு.
போற அன்னைக்கும் இங்க வந்து
வாளிய வச்சு வச்சு எடுத்துட்டிருந்தான்."

வாசல் தராசிலிருந்து இந்தப் பெட்டிக்கு
ஒரு சாம்பல் நிறக் கம்பி வருவதை
அப்போதுதான் பார்த்தேன்.
அதன் பேச்சு புரிவது
அந்த இரண்டாம் பதிப்புக்கு மட்டும்.

பெரிய பெயரை விட்டேன்.
சாளரங்களை நகர்த்துபவன், பலகை,
கோப்புகளைத் திறப்பவன், கொஞ்சம் தமிழ் எழுத்து:
கையால் ஒவ்வொன்றாய்க் கூப்பிட்டேன்.
பரிந்துரைக்கப்பட்டவர் எவரும் வர வேண்டாம்.
அறுபத்தெட்டு பேர் வந்தார்கள்.
நடுவில் ஒருமுறை கரண்ட் போனது,
யு.பி.எஸ். கோழிக்குஞ்சு போலக் கத்தியது,
செயலாளர் மெழுகுவத்தி தேடினார்.

ஏழரைக்கு ஜன்னல் திறந்தது.
சுவர்ணபாய் எழுந்து போய்
காலி வாளியைத் தராசில் வைத்தாள்.
ஒன்று புள்ளி இரண்டு.
திரையிலும் ஒன்று புள்ளி இரண்டு.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
வாளியை எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"கடல் எங்க?" என்றார் யேசுவடியான்.
படங்களின் பொதி தொண்ணூறு எம்பி, சார்.
வெறும் நீலம் போட்டிருக்கிறேன்.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
"முட்டத்துல சில நாளு இப்படித்தான் கிடக்கும்" என்றார்.

இனித் தேவையில்லை என்று
பதினேழு பொதிகளைக் காட்டிக் கேட்டது பெட்டி,
நீக்கவா?
இல்லை என்று தட்டினேன்.
பெல்ஜினின் வரிக்குக் கீழே
தேதியும் என் பெயரும் எழுதினேன்,
காரணம் கேட்டாச்சு, சரிதான், என்று.

மார்த்தாண்டம் போகும் கடைசி பஸ்
எட்டு பத்துக்கு.
குடையை அங்கேயே விட்டுவிட்டேன் போல.